சங்கீதம் 22ல நிக்கிறது காண்டாமிருகமா, யூனிகார்னா, காட்டு மாடா?

நீங்க கேட்டது மூணு விஷயம். ஒண்ணு, சங்கீதம் 22:21ல நம்ம பழைய தமிழ் பைபிள் "காண்டாமிருகத்தின் கொம்புகள்"னு சொல்லுது, கிங் ஜேம்ஸ்ன்ற பழைய இங்கிலீஷ் பைபிள்ல அதே இடத்துல யூனிகார்ன்ற ஒத்தைக்கொம்பு கற்பனை மிருகம், புது மொழிபெயர்ப்புகள் காட்டு மாட்டுப் பக்கம் போயிடுச்சு, இதுல எது சரி. ரெண்டு, அப்போ பைபிள்ல கற்பனை மிருகமே கிடையாதா. மூணு, ஊசிக்காதுல நுழையுறது ஒட்டகம் இல்ல, கப்பல் கயிறுனு ஒரு பிரசங்கத்துல கேட்டீங்களாம், அது நிஜமா.

முதல் கேள்விக்கு ஒத்தை வார்த்தையில பதில் சொல்லணும்னா காட்டு மாடு. ஆனா எப்படி அந்த முடிவுக்கு வர்றாங்கன்றது தெரிஞ்சாதான் மத்த ரெண்டுக்கும் பதில் ஒழுங்கா வரும், அதனால கொஞ்சம் நீளமா போறேன், பொறுத்துக்கோங்க.

எபிரேயத்துல அந்த மிருகத்தோட பேர் ரெஏம். பழைய ஏற்பாட்டுல ஒன்பது தடவை வருது. ஒரு இடத்துலகூட அதுக்கு எத்தனை கால், என்ன கலர், எவ்ளோ உயரம்னு வர்ணனை கிடையாது, ஏன்னா கேட்டுட்டு இருந்தவங்களுக்கு அது தெரிஞ்ச மிருகம், தெரிஞ்சதை யாரு விளக்குவா. அதனால பேரை மட்டும் வெச்சுட்டு உக்காந்தா ஒண்ணும் கிடைக்காது. அந்த வரியில அந்த மிருகம் என்ன வேலை செய்யுது, யார் கூட ஜோடி சேர்ந்து நிக்குதுன்னு பாக்கணும். நான் பாத்த வரைக்கும் பைபிள் மிருகங்கள் எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் வழி, அடையாளம் கண்டுபிடிக்கவும் சரி, அர்த்தம் கண்டுபிடிக்கவும் சரி.

இப்போ யோபு 39:9லருந்து எடுத்துப் பாருங்க. கடவுள் யோபு கிட்ட நக்கலா கேக்குறார்: ரெஏம் உனக்கு வேலை செய்யுமா, உன் தொழுவத்துல ராத்திரி தங்குமா, அதை ஏர்ல பூட்டி உழுவியா, உன் தானியத்தை களத்துக்கு கொண்டு வந்து சேர்க்கும்னு அதை நம்புவியான்னு. இந்த நக்கல் எப்போ வேலை செய்யும்? பாக்க உழவு மாடு மாதிரியே இருக்கணும், ஆனா பூட்ட முடியாததா இருக்கணும். அப்போதான் அதுல குத்தல் இருக்கு. "காண்டாமிருகத்தை ஏர்ல பூட்டுவியா"னு கேட்டா யாருக்கு சுருக்குனு இருக்கும், எவனும் அப்படி ஆசைப்பட்டதே இல்லையே. அடுத்து சங்கீதம் 29:6, அங்க கன்னுக்குட்டி துள்ளுறதும் ரெஏம் குட்டி துள்ளுறதும் ஜோடி. உபாகமம் 33:17ல யோசேப்பு கோத்திரத்தை முதல்ல தலையீத்துக் காளைன்னு சொல்லிட்டு உடனே அவன் கொம்பு ரெஏம் கொம்புன்னு வருது. ஏசாயா 34:7லயும் காளைகளோடதான் சேர்ந்து விழுது. இந்த மூணு இடத்துலயும் பக்கத்துல ஒரு மாடு நிக்குது.

அந்த உபாகமம் வசனத்துல இன்னொரு கூத்து இருக்கு. எபிரேயத்துல "ஒரு ரெஏமின் கொம்புகள்"னு இருக்கு, மிருகம் ஒண்ணு, கொம்பு ஒண்ணுக்கு மேல. உடனே விளக்கமும் வருது, எப்பிராயீம் மனாசே ரெண்டு பேரும்தான் அந்தக் கொம்புகள்னு, யோசேப்புக்கு ரெண்டு பிள்ளை, ரெண்டு கொம்பு, கணக்கு சரியா இருக்கு. 1611ல கிங் ஜேம்ஸ் ஆளுங்க யூனிகார்ன்னு முடிவு பண்ணி உக்காந்துட்டதால ஒத்தைக் கொம்பு மிருகத்துக்கு "கொம்புகள்" எப்படி வரும்னு முழிச்சு, மிருகத்தை பன்மை ஆக்கிட்டாங்க, "யூனிகார்ன்களின் கொம்புகள்"னு. ஆனா நேர்மையான மனுஷங்க, ஓரக்குறிப்புல எபிரேயத்துல ஒருமைதான்னு போட்டு வெச்சிருக்காங்க. அந்த ஓரக்குறிப்பு ஒண்ணு போதும் யூனிகார்ன் கேஸை முடிக்க.

19ஆம் நூற்றாண்டுல மெசபொத்தாமியக் களிமண் பலகைகள்ல இருக்கிற ஆப்பெழுத்து படிக்க கத்துக்கிட்டப்புறம் இன்னொரு சாட்சி வந்துச்சு. அசீரியா, பாபிலோன் பக்கம் பேசுன அக்காடிய மொழியில ரீமுன்னு ஒரு சொல், காட்டு எருதுக்கு. அசீரிய ராஜாக்கள் வேட்டையாடுனோம்னு பெருமையா எழுதி வெச்ச மிருகம் அதுதான், இரண்டாம் அசூர்நாசிர்பால் ரதத்துல நின்னு காளையைக் குத்துற சிற்பம் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இங்கிலீஷ்ல ஆராக்ஸ்னு சொல்ற மிருகம், இன்னைக்கு இருக்கிற வீட்டு மாட்டுக்கு முப்பாட்டன். காளையோட தோள் உயரமே கிட்டத்தட்ட ஆறடி. ஜூலியஸ் சீசர் கால் தேசத்துப் (இப்போதைய பிரான்ஸ் பக்கம்) போரைப் பத்தி எழுதும்போது இந்த மாட்டைச் சொல்றார், யானையை விட கொஞ்சம்தான் சின்னது, குட்டியில பிடிச்சாலும் பழக்க முடியாதுன்னு. யோபு புத்தகத்துல கேட்ட கேள்விக்கு ரோமாபுரியிலருந்து பதில் வந்த மாதிரி இருக்கு. கடைசி ஆராக்ஸ் 1627ல போலந்துல யாக்டோருவ் காட்டுல செத்துப்போச்சு, ஆக இப்போ காட்டச் சொன்னா காட்ட மிருகம் இல்ல.

அப்புறம் ஒத்தைக் கொம்பு எங்கருந்து வந்துச்சு? அலெக்சாந்திரியாவுல கி.மு. 3ஆம், 2ஆம் நூற்றாண்டுகள்ல எபிரேய வேதத்தை கிரேக்கத்துல போட்டாங்களே, செப்துவஜிந்து, அவங்கதான் ரெஏமுக்கு மோனோகெரோஸ், ஒத்தைக்கொம்பன்னு போட்டாங்க. ஏன்னு அவங்க எழுதி வெக்கல. பாபிலோன் இஷ்தார் வாசல்ல இருக்கிற காளைகள் எல்லாம் பக்கவாட்டுல நிக்கும், ஒரு கொம்புதான் தெரியும், அப்படிப்பட்ட உருவங்களைப் பாத்து வந்த குழப்பம்னு சிலர் சொல்றாங்க (நம்ம சிந்துவெளி முத்திரையில இருக்கிற ஒத்தைக்கொம்பு மிருகத்தைப் பத்தியும் இதே சண்டை நடக்குது). ஆனா மோனோகெரோஸ்ன்ற ஐடியா கிரேக்கர்கள் தலைக்குள்ள எப்படி வந்துச்சுன்னா, கி.மு. 400 வாக்குல பாரசீக அரண்மனையில வைத்தியரா இருந்த க்டேசியாஸ்னு ஒருத்தர், இந்தியாவுல ஒத்தைக் கொம்பு காட்டுக் கழுதை இருக்கு, அந்தக் கொம்புல குடிச்சா விஷம் ஏறாதுன்னு எழுதிட்டார். அவர் இந்தியா பக்கம் வந்ததே இல்ல, கேட்ட கதைதான். கேட்டது பெரும்பாலும் நம்ம காண்டாமிருகத்தைப் பத்தித்தான் இருக்கணும்.

அப்புறம் கி.பி. 400 வாக்குல ஜெரோம் லத்தீன்ல போடும்போது எண்ணாகமம், யோபு எல்லாம் ரைனோசெராஸ்னு, சங்கீதத்துல யூனிகார்ன்னு, ரெண்டையும் கலந்து அடிச்சிட்டார். ஆக காண்டாமிருகம் தமிழ்ல வந்தது நம்ம ஆளுங்க கண்டுபிடிப்பு இல்ல, ரெண்டு கதவு ஏற்கனவே திறந்திருந்துச்சு, தமிழ்ல மொழிபெயர்த்தவங்க நிஜத்துல இருக்கிற மிருகத்து வழியா போனாங்க. யூனிகார்னுக்கு தமிழ்ல ஒரு பேரும் கிடையாது, காண்டாமிருகம்னா எல்லாருக்கும் தெரியும். இந்தியாலருந்து கிளம்புன வதந்தி கிரேக்கம், லத்தீன், ஐரோப்பான்னு சுத்திட்டு, தமிழ் பைபிள் வேலை தொடங்குன தரங்கம்பாடி வழியா திரும்ப வீட்டுக்கே வந்து காண்டாமிருகமா இறங்கிடுச்சுன்னு நினைச்சா எனக்கு சிரிப்புதான் வரும். புது மொழிபெயர்ப்புல காட்டெருமைனு பாத்தா உங்களுக்கு ஊட்டி கொடைக்கானல்ல ரோட்டுல நிக்குமே அந்த காட்டு மாடு ஞாபகம் வரும், அது வேற இனம்தான், ஆனா காண்டாமிருகத்தை விட ரொம்ப கிட்டத்து சொந்தம், படிக்கிறவன் மனசுல வர்ற பயமும் சரியான பயம்.

மிருகத்தை மாத்துனா என்ன பெரிய நஷ்டம்னு கேப்பீங்க. கொம்புதான் அந்த ஊர்ல பலத்துக்கும் திமிருக்கும் அடையாளம். "என் கொம்பை உயர்த்துவீர்"னு சங்கீதம் 92ல, "கொம்பை உயர்த்தாதிருங்கள்"னு சங்கீதம் 75ல துன்மார்க்கனைப் பாத்து. இதுல தமிழ் வாசகனுக்கு விளக்கமே தேவையில்ல, "உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு"ன்னு நாம சண்டையில கேக்குறது அப்படியே இதேதான். இங்கிலீஷ்காரனுக்குத்தான் அடிக்குறிப்பு வேணும். ஆனா அந்தக் கொம்பு தலையை ஆட்டி ரெண்டு பக்கமும் முட்டித் தள்ளுற மாட்டுக் கொம்பு, "ஜனங்களை முட்டித் தள்ளுவான்"னுதான் உபாகமத்துலயே இருக்கு. மூக்கு மேல நிக்கிற கொம்பை வெச்சா அந்தப் படம் வராது. கொம்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது, யாத்திராகமம் 34:29ல மோசே மலையிலருந்து இறங்கும்போது முகம் பிரகாசிச்சதுன்னு வர்ற வினைச்சொல் எபிரேயத்துல கொம்புன்ற சொல்லோட வேர்லருந்து வருது, ஜெரோம் அதை கொம்புள்ள முகம்னே லத்தீன்ல போட்டுட்டார், அதனாலதான் ரோம்ல மைக்கலாஞ்சலோ செதுக்குன மோசே தலையில ரெண்டு கொம்போட உக்காந்திருக்கார். தமிழ்ல பிரகாசம்னே சரியா வந்திருச்சு.

சரி, சங்கீதம் 22க்கு வருவோம், ஏன்னா ரெஏம் அங்க நிக்கிற இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி. இந்த சங்கீதம் ஒரு மிருகக்காட்சி சாலை. 12ஆம் வசனம் பாசான் தேசத்து எருதுகள் வளைச்சுக்கிட்டது, 13 வாயைத் திறக்குற சிங்கம், 16 சூழ்ந்துக்கிட்ட நாய்கள். இது வரைக்கும் ஆபத்து உள்ள வருது. 20ல ஜெபம் ஆரம்பிக்குது, நாய்கள் கிட்டருந்து தப்புவியும், 21ல சிங்கத்தின் வாயிலருந்து இரட்சியும், அப்புறம் ரெஏம் கொம்புகள். எருது, சிங்கம், நாய்னு உள்ள வந்தது நாய், சிங்கம், ரெஏம்னு தலைகீழா வெளிய போகுது. அப்போ ரெஏம் எது கூட ஜோடி? முதல் எருது கூட. எழுதுன கவிஞனே கணக்கு போட்டு வெச்சிருக்கான், நாமதான் காண்டாமிருகத்தை நடுவுல விட்டு அந்த வளையத்தை உடைச்சிட்டோம்.

பாசான்னா இப்போ கோலான் மேடுகள்னு சொல்றாங்களே அதை ஒட்டுன பகுதி, நல்ல மேய்ச்சல், கொழுத்த மாடு. ஆமோஸ் 4:1ல சமாரியாவுல ஏழைங்களை நசுக்கி சொகுசா இருந்த பணக்கார பொம்பளைங்களை "பாசான் மாடுகளே"னு கூப்பிடுறார், அவ்ளோ ஃபேமஸ் அந்த ஊர் மாடு. நாய்களும் வீட்டுல வளர்க்கிற நாய் இல்ல, ஊருக்கு வெளிய கூட்டமா சுத்துற நாய்.

இந்த சங்கீதத்துலயே இன்னொரு மிருகம் ஒளிஞ்சிட்டு இருக்கு, அதுதான் ரெண்டாயிரம் வருஷ சண்டை. 16ஆம் வசனத்தோட கடைசி பாதி, தமிழ்ல "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்". யூதர்கள் பயன்படுத்துற மசொரெட்டிக் எபிரேயத்துல அங்க "குத்தினார்கள்"னு வினைச்சொல்லே இல்ல, காஆரி, அதாவது "சிங்கத்தைப்போல". சிங்கத்தைப்போல என் கைகளும் கால்களும்னு நிக்குது, வாக்கியம் முடியவே இல்ல. செப்துவஜிந்துல தோண்டினார்கள்னு இருக்கு. அதாவது அவங்க கையில இருந்த பிரதியில காஆரூன்னு இருந்திருக்கலாம். வித்தியாசம் என்னன்னா கடைசி எழுத்து யோதா வாவான்றதுதான், ரெண்டும் ஒரு சின்னக் கோடு, வாவுக்கு கால் கொஞ்சம் நீளம், அவ்ளோதான். காஆரூன்றதும் அந்த எழுத்துக்கூட்டோட எபிரேயத்துல வேற எங்கயும் வராத சொல், அதனால அதுவும் சுலபமா அர்த்தம் ஆகல. பழைய ஆளுங்களே திணறியிருக்காங்க, ஜெரோம் எபிரேயத்துலருந்து நேரா மொழிபெயர்த்தப்போ கட்டினார்கள்னு போட்டார், யூதர்களோட பழைய அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் சிங்கத்தைப்போல கடிக்கிறார்கள்னு ஒரு வினையைச் சேர்த்துக்குச்சு.

சாக்கடல் பக்கம் நஹல் ஹெவெர்ல கிடைச்ச சங்கீதத் துணுக்கு ஒண்ணு, கி.பி. முதல் நூற்றாண்டு கையெழுத்து, அதுல கடைசி எழுத்து வாவ் மாதிரி இருக்கு. அதைப் பாத்து கிறிஸ்தவ பக்கத்துல சிலர் ஜெயிச்சிட்டோம்னு எழுதுனாங்க. ஆனா அதே வரியில அந்த எழுத்தர் "என் கைகள்" எழுத வேண்டிய இடத்துல ஒரு எழுத்தைக் கூடுதலா போட்டு "அவள் கைகள்"னு ஆகுற மாதிரி எழுதி வெச்சிருக்கார், ஆக அன்னைக்கு அவர் ரொம்ப கவனமா இருந்தார்னு சொல்ல முடியாது. இந்தப் பக்கம் யூதர்கள் வேணும்னே மாத்துனாங்கன்னும் அந்தப் பக்கம் கிறிஸ்தவங்க வேணும்னே திரிச்சாங்கன்னும் திட்டிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. செப்துவஜிந்து மொழிபெயர்ப்பு கிறிஸ்தவத்துக்கு முன்னாடியே யூதர்கள் பண்ணது. இன்னொன்னு நிறைய பேருக்கு தெரியாது, புதிய ஏற்பாட்டுல சிலுவைக் காட்சியில இந்த சங்கீதத்தோட முதல் வசனம் வருது, தலையை ஆட்டி கேலி பண்றது வருது, வஸ்திரத்துக்கு சீட்டு போடுறது வருது, ஆனா இந்த 16ஆம் வசனத்தை எந்த சுவிசேஷமும் மேற்கோள் காட்டல. அதைப் பிடிச்சுக்கிட்டது அப்புறம் வந்த சபைப் பிதாக்கள். என் அபிப்ராயம், சிங்கம் ஏற்கனவே 13லயும் 21லயும் தன் இடத்துல ஒழுங்கா நிக்குது, நடுவுல நாய் வசனத்துல மூணாவதா ஒரு சிங்கம் வந்தா மேல சொன்ன வளையம் கெடுது, அதனால அங்க ஒரு வினைச்சொல்தான் இருந்திருக்கணும், ஆனா அது குத்தினார்களா, கட்டினார்களா, சிதைச்சார்களான்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு யார் கையிலயும் ஆதாரம் இல்ல.

சிங்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சிங்கம்னா யூதா கோத்திரம், சிங்கம்னா இயேசுன்னு அகராதி மாதிரி மனப்பாடம் பண்ணி வெச்சிருப்போம். இந்த சங்கீதத்துல சிங்கம் எதிரி. 1 பேதுரு 5:8ல கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசு. வெளிப்படுத்தல் 5ல யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயிச்சிட்டார்னு மூப்பர் சொல்றதை காதுல கேட்டுட்டு யோவான் திரும்பிப் பாத்தா அங்க நிக்கிறது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. சிங்கத்துக்குன்னு நிரந்தர அர்த்தம் கிடையாது, அந்த வரியில அது கெர்ச்சிக்குதா, படுத்திருக்கா, ஜெயிக்குதான்றதுதான் அர்த்தம். அந்தக் காலத்துல அங்க நிஜமாவே சிங்கம் இருந்துச்சு, எபிரேயத்துல அதுக்கு சொல்லும் ஏராளம், யோபு 4:10, 11 ரெண்டே வசனத்துல அஞ்சு வேற வேற சொல் வரும், நம்ம பழைய பைபிள் பாவம் துஷ்ட சிங்கம், பாலசிங்கம், கிழச்சிங்கம்னு அடைமொழி போட்டு சமாளிச்சிருக்கு. ரசிச்சு சமாளிச்சிருக்காங்கன்னுதான் சொல்வேன்.

தமிழுக்கு அதிர்ஷ்டம் அடிச்ச இடமும் இருக்கு. எபிரேயத்துல நெஷெர்னு ஒரு பறவை. இங்கிலீஷ்ல ஈகிள்னே போட்டுட்டு வந்தாங்க. ஆனா மீகா 1:16ல நெஷெர் மாதிரி மொட்டையாகுன்னு வருது, ஈகிளுக்கு தலை நிறைய இறகு இருக்கு, மொட்டைத் தலை பிணந்தின்னிக்குத்தான். நெஷெர்னா பெரும்பாலான இடங்கள்ல அந்தப் பகுதி மலைகள்ல இருக்கிற பெரிய பிணந்தின்னிக் கழுகுதான். தமிழ்ல கழுகுன்ற சொல் ரெண்டுக்கும் பொது, அதனால "கழுகைப்போல முழுமொட்டையாயிரு"னு படிக்கும்போதும், மத்தேயு 24:28ல பிணம் எங்கயோ அங்க கழுகுகள் கூடும்னு படிக்கும்போதும் நமக்கு இடறவே இல்ல, இங்கிலீஷ்ல அந்த இடத்துக்கு பக்கம் பக்கமா விளக்கம் எழுதுறாங்க. "கழுகுகளுடைய செட்டைகளின்மேல் உங்களைச் சுமந்தேன்"னு யாத்திராகமத்துல கடவுள் சொல்றது பிணந்தின்னியாம்னு சொன்னா சிலருக்கு கோவம் வருது. எகிப்துல ராஜாவோட தலை மேலயே அந்தப் பறவை உருவம் இருந்துச்சு, நெக்பெத் தேவதை, தாய்மைக்கும் காவலுக்கும் அடையாளம். திருக்கழுக்குன்றத்துல மலைக்கோயில்ல கழுகுக்கு சோறு வெச்சு காத்திருந்த ஊர்க்காரங்க நாம, நமக்கு இது புரியாதா.

கழுகுன்னதும் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஞாபகம் வந்திருக்குமே, கழுகு 40 வயசுல மலை உச்சிக்குப் போய் அலகை பாறையில மோதி உடைச்சுட்டு, புது அலகு முளைச்சதும் நகத்தைப் பிடுங்கி, அப்புறம் இன்னும் 30 வருஷம் வாழும்னு. சங்கீதம் 103:5க்கு பிரசங்கத்துல அதை வெச்சு உருக்குறாங்க. சுத்தப் பொய். அலகு இல்லாத பறவை பட்டினியில செத்துரும். அந்த வசனம் சொல்றது இறகு உதிர்ந்து புது இறகு வர்ற சாதாரண விஷயமா இருக்கலாம், அதுக்கு மேல அங்க ஒண்ணும் இல்ல.

அதிர்ஷ்டம் இல்லாத இடம் தன்னீம். இது நரி, ஓநாய் வகையறா, பாழடைஞ்ச ஊர்ல ஊளையிடுற மிருகம். தன்னீன்னு ஒத்தை எழுத்து வித்தியாசத்துல இன்னொரு சொல் இருக்கு, அது கடல் பூதம், பெரிய பாம்பு. கிங் ஜேம்ஸ் ரெண்டையும் குழப்பி நரி இருக்கிற இடத்துல எல்லாம் டிராகன் போட்டுச்சு, தமிழும் பின்னாடியே போய் எரேமியா 9:11ல எருசலேமை வலுசர்ப்பங்களோட குடியிருப்பா ஆக்கிடுச்சு. ஆனா மீகா 1:8ல ஊளையிடுறதுன்னு வினைச்சொல் வந்ததும் நம்ம ஆளுங்க உஷாராகி ஓரிகளைப்போல ஊளையிடுவேன்னு சரியா போட்டுட்டாங்க, ஓரின்னா நரி. பாம்பு ஊளையிடாதுல்ல. புலம்பல் 4:3ல பால் கொடுக்கிற தன்னீன் வருது, அங்க பால் கொடுக்கணுமேன்னு திமிங்கிலம் வந்திருச்சு. எருசலேம் எரிஞ்சு கிடக்கும்போது பக்கத்துல திமிங்கிலம் எப்படி வந்துச்சு, இடிபாட்டுல குட்டிக்கு பால் கொடுக்கிற நரின்னு படிச்சாத்தான் அந்த வசனம் நெஞ்சுல குத்தும், நரிகூட குட்டிக்கு பால் கொடுக்குது, என் ஜனம் கொடுக்கலன்னு.

தீர்க்கவே முடியாத கேஸ் தகாஷ். மோசே காலத்துல இஸ்ரவேலர் வெச்சிருந்த கூடாரக் கோயில், ஆசரிப்புக் கூடாரம், அது மேல போர்த்துன தோல். கிங் ஜேம்ஸ்ல பேட்ஜர், வேற சிலதுல கடல்பசு, செப்துவஜிந்துல மிருகமே இல்ல, நீல நிறத் தோல். யூத ரபீக்களோட விவாதத் தொகுப்பான தல்மூத்ல அவங்க பேசிக்கிட்டு, அது மோசே காலத்துல மட்டும் வந்துட்டு மறைஞ்சுபோன பல வண்ண ஒத்தைக்கொம்பு மிருகம்னு முடிச்சுட்டாங்க. கடல்பசுக் கட்சி சும்மா இல்ல, செங்கடல்ல அது இருக்கு, 1830கள்ல ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் செங்கடல் கடல்பசுவுக்கு ஆசரிப்புக் கூடாரத்தோட பேரையே விஞ்ஞானப் பேரா வெச்சார். நம்ம பாக் விரிகுடாவுல மீனவங்க ஆவுளியான்னு சொல்றாங்களே, 2022ல தமிழ்நாடு அரசு அதுக்குன்னு பாதுகாப்பகம் அறிவிச்சுதே, அதே இனம். இன்னொரு கட்சி இது அக்காடியத்துல துஹ்ஷுன்ற சொல், மிருகம் இல்ல, ஒரு வகை வேலைப்பாடுன்னு சொல்லுது. ஏன் தீர மாட்டேங்குதுன்னா தகாஷ் பைபிள்ல எதுவும் செய்யல. ஓடல, ஊளையிடல, மேயல, தோலா மட்டும் கிடக்கு. நம்ம பழைய மொழிபெயர்ப்பு என்ன பண்ணுச்சு தெரியுமா, "தகசுத்தோல்"னு எபிரேயச் சொல்லையே அப்படியே விட்டுடுச்சு. பல பேர் இதை சோம்பேறித்தனம்பாங்க, எனக்கு இதுதான் இருக்கிறதுலயே நேர்மையான மொழிபெயர்ப்பு.

ரெண்டாவது கேள்வி, கற்பனை மிருகம். யூனிகார்ன் இல்லன்னு ஆச்சு, ஆனா லிவியாதான்ற கடல் பூதம் இருக்கு. சிலர் அதை முதலைன்னு அடக்கப் பாக்குறாங்க, யோபு 41ல செதில், பல்லு எல்லாம் முதலைக்குப் பொருந்தும், ஆனா அதே அதிகாரத்துல வாயிலருந்து தீப்பொறி பறக்குது, சங்கீதம் 74ல அதுக்குத் தலைகள்னு பன்மையில வருது. 1929லருந்து சிரியாவுல ராஸ் ஷம்ரான்ற இடத்துல தோண்டுனப்போ உகாரித் நகரத்து களிமண் பலகைகள் கிடைச்சுது, பைபிளுக்கு முந்தினது. அதுல அந்த ஊர் தெய்வம் பாகால் அடிச்சுப் போட்ட ஏழு தலை பாம்பு வருது, அதோட பேர்ல இருக்கிற மெய்யெழுத்து ல, த, ன. அதை வர்ணிக்கிற அடைமொழி ரெண்டும், ஓடுற பாம்பு, கோணலான பாம்புன்றது, ஏசாயா 27:1ல லிவியாதானுக்கு வர்ற அதே ரெண்டு சொல், அதே வேர். ஊர் முழுக்க தெரிஞ்ச கதையை எடுத்து, அதை அடிச்சது பாகால் இல்ல எங்க கர்த்தர்னு சொல்றாங்க. ஆனா பாருங்க, சங்கீதம் 104:26ல அதே லிவியாதான் கடல்ல விளையாடுறதுக்கு கடவுள் படைச்ச பிராணி, சண்டையே கிடையாது. அங்க பயமுறுத்துற வேலை அதுக்கு இல்ல, அதனால பூதமும் இல்ல.

மூணாவது, ஒட்டகம். பணக்காரன் கடவுள் ராஜ்யத்துல நுழையுறதை விட ஒட்டகம் ஊசிக்காதுல நுழையுறது சுலபம்னு இயேசு சொன்ன வசனம் அது. கிரேக்கத்துல ஒட்டகம் காமேலோஸ், கப்பல் கயிறு காமிலோஸ், பிற்காலத்துல ரெண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிச்சாங்க, அதனால குழப்பத்துக்கு வாய்ப்பு உண்டு. அஞ்சாம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியா சிரில் கயிறுன்னு விளக்கம் சொல்லியிருக்கார், பிந்தின சில கையெழுத்துப் பிரதிகள்லயும் கயிறுன்னு வருது. ஆனா பழைய நல்ல பிரதிகள் எல்லாம் ஒட்டகம்தான். எருசலேம்ல ஊசிக்காதுன்னு ஒரு சின்ன வாசல் இருந்துச்சு, ஒட்டகம் மூட்டையை இறக்கிட்டு முட்டி போட்டு நுழையும்னு இன்னொரு பிரசங்கம் உண்டு, அப்படி ஒரு வாசலுக்கு தொல்லியல் ஆதாரம் கிடையாது. பாபிலோன் தல்மூத்ல இதே மாதிரி ஊசிக்காதுல யானை நுழையுறதைப் பத்தி வருது, நடக்கவே நடக்காத காரியத்துக்கு. அங்க பெரிய மிருகம் யானை, பாலஸ்தீனத்துல ஒட்டகம். இயேசு மத்தேயு 23:24ல கொசுவை வடிகட்டிட்டு ஒட்டகத்தை முழுங்குறீங்கன்னு பரிசேயரைத் திட்டும்போது கயிறை முழுங்குறீங்கன்னு யாரும் திருத்துறது இல்ல. அரமேயத்துல கொசு மாதிரி பூச்சிக்கு கல்மா, ஒட்டகத்துக்கு கம்லா, அந்த வசனம் அவர் பேசுன மொழியில எதுகையோட ஒரு கிண்டல். ரெண்டு இடத்துலயும் ஒட்டகம் வந்ததுக்குக் காரணம் அதோட சைஸ் மட்டும்தான். ஊசிக்காது வசனத்துக்கு அடுத்த வசனத்துலயே சீஷர்கள் ஆடிப்போய் அப்படின்னா யார்தான் ரட்சிக்கப்படுவான்னு கேக்குறாங்க, மூட்டையை இறக்கிட்டா நுழைஞ்சிரலாம்னு இருந்தா அவங்க ஏன் அப்படி கேக்கப் போறாங்க.